டப்பாவின் பின்பக்கம்

ஜெர்மன் காருக்கு 'சிந்தெடிக், 5டபிள்யூ-30' என்று கேட்டு வாங்கினால் போதாது. அந்த எண் எண்ணெயின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும். கலந்திருக்கும் ரசாயனங்களைப் பற்றி மூச்சுவிடாது. ஃபோக்ஸ்வாகனின் 502 00, 507 00 இரண்டு தரங்களிலும் 5டபிள்யூ-30 ஆயில் கிடைக்கிறது. முன்னது பெட்ரோல் எஞ்சினுக்கானது, எரிந்தால் சாம்பல் அதிகம். பின்னது சாம்பல் குறைந்தது. டீசல் காரின் புகை ஃபில்டரில் படியும் கரியை எஞ்சினே அவ்வப்போது எரித்துவிடும். சாம்பலை எரிக்க வழியில்லை. அது சேர்ந்து சேர்ந்து அடைத்துக்கொண்டால், ஆயிலில் மிச்சம் பிடித்த காசு புது ஃபில்டருக்கே போதாது. 'சிந்தெடிக்' முத்திரையும் காப்பாற்றாது. கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுத்ததும் பல நாடுகளில் அதே பெயரில்தான் விற்கிறது.

இதெல்லாம் கம்பெனி தன் ஆயிலைத் தலையில் கட்டும் தந்திரம் என்பார்கள். சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் அங்கீகாரம் ஒரு பிராண்டுக்கு மட்டும் கிடைப்பதில்லை. மெர்சிடிஸ் 229.51 தரத்துக்குத் தேறிய பல நிறுவனங்களின் ஆயில்களைப் பட்டியலிட்டே வெளியிடுகிறது. விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். டப்பாவில் 'எம்பி-அப்ரூவல் 229.51' என்று இருக்க வேண்டும். '229.51க்கு ஏற்றது' என்பது விற்பவரின் வாக்குமூலம், அவ்வளவே. புதிய தரம் எல்லாக் காருக்கும் மேல் என்பதும் தவறு: ஃபோக்ஸ்வாகனின் 508 00 மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில், அதற்கென வடிவமைக்காத பழைய எஞ்சினில் ஊற்றக்கூடாது.