என்ஜினுக்குப் பலம் கூட்டும் ‘சிப்’! வாங்கலாமா? வேண்டாமா?

தீப்பெட்டி அளவுதான். விலை 20 டாலர். வண்டியில் செருகினால் போதும். என்ஜினுக்கு 50 குதிரை சக்தி கூடும். எண்ணெய்ச் செலவும் குறையும்!

இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

அமெரிக்காவில் ‘பிக்கப்’ வண்டி வைத்திருக்கும் பலருக்கு இந்த ஆசை உண்டு. முன்னால் ஆட்கள் உட்காரும் அறை. பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. இதுதான் பிக்கப். அங்கே விவசாயி வைக்கோல் ஏற்றுவதும் இதில்தான். தச்சர் மரம் ஏற்றுவதும் இதில்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போவதும் இதில்தான்.

போர்டு கம்பெனி 1948-ம் ஆண்டில் ‘எப்’ வரிசை பிக்கப்புகளை வெளியிட்டது. 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் அதுதான்.

வண்டி பழுதானால் வீட்டில் வருமானம் நின்றுவிடும். ஆகவே, ‘சிப்’ வாங்குவது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல. வயிற்றுப்பாட்டு விஷயம்.

என்ஜினின் மூளை

இன்றைய வண்டிகளில் என்ஜினை நடத்துவது ஒரு சிறு கம்ப்யூட்டர். எவ்வளவு எண்ணெய் விட வேண்டும்? எப்போது தீப்பொறி விட வேண்டும்? இவற்றை நொடிக்கு நொடி கணக்குப் போட்டு அது முடிவு செய்கிறது.

1980-களில் இந்தக் கம்ப்யூட்டர்கள் பரவலாக வந்தன. கணக்கு முழுவதும் ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும். பலம் கூட்ட விரும்பியவர்கள் அதைக் கழற்றிவிட்டு வேறு சில்லைப் பொருத்தினார்கள். ‘சிப்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

1996-ம் ஆண்டு மாடல் முதல், அமெரிக்காவில் விற்கும் கார்களிலும் பிக்கப்புகளிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சொருகுவாய் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பழுது பார்ப்பதற்காக ஏற்பட்ட வாய் அது. இன்று அதன் வழியாகவே கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுகிறார்கள். கழற்றி மாட்டும் சில்லு போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

விளக்கு மட்டும் எரியும்!

‘சிப்’ என்று விற்கப்படுவதில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம், 20 டாலர் பெட்டி. இப்படிப்பட்ட பல பெட்டிகளை மெக்கானிக்குகள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவை மின்னும் சிறு விளக்குகளும், அவற்றை எரிய வைக்கும் பொருள்களும்தான். என்ஜின் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் பேச்சு வார்த்தையே இல்லை!

இரண்டாவது ரகம், பொய் சொல்லும் ரகம். என்ஜினுக்குள் போகும் காற்று சூடா, குளிரா என்று பார்க்க ஒரு கருவி இருக்கிறது. அதன் கம்பியில் இதைச் சேர்த்தால், ‘காற்று குளிராக இருக்கிறது’ என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆகவே கம்ப்யூட்டர் கூடுதல் எண்ணெய் விடும். ஆனால் புகையைச் சோதிக்க வேறொரு கருவி இருக்கிறது. பொய் அங்கே வெளிப்பட்டுவிடும். கம்ப்யூட்டர் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

எண்ணெய்ச் செலவு குறையும் என்ற பேச்சும் பழையதுதான். அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறை, ‘எண்ணெய் மிச்சமாகும்’ என்று சொல்லி விற்கப்பட்ட 100-க்கு மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க மிச்சம் எதிலும் கிடைக்கவில்லை.

உண்மையான ரகம்

மூன்றாவது ரகம் உண்மையானது. கணக்கை மாற்றி எழுதும் கருவி இது. விலை பல நூறு டாலர்.

இது எவ்வளவு பலம் தரும் என்பது என்ஜினைப் பொறுத்தது. ‘டர்போ’ இல்லாத பெட்ரோல் என்ஜினில் பலன் சொற்பம். 300 குதிரை சக்தி உள்ள வண்டியில் 10, 15 கூடலாம். அதற்கும் பல சமயங்களில் விலை உயர்ந்த பெட்ரோல் போட வேண்டும்.

டர்போ உள்ள டீசல் என்ஜின் என்றால் கதை வேறு. டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழலும் விசிறி. அது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். இன்னும் கொஞ்சம் காற்று, இன்னும் கொஞ்சம் டீசல் என்று கணக்கை மாற்றினால் 50 முதல் 100 குதிரை சக்தி வரை கூடுவது உண்டு.

அப்படியானால் கம்பெனியே ஏன் அந்தப் பலத்தைக் கொடுக்கவில்லை?

கையிருப்பில் கை வைக்கலாமா?

கம்பெனிக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. கொளுத்தும் வெயில், மட்டமான எண்ணெய், மலை ஏற்றம், பின்னால் கனத்த பாரம் எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று கொஞ்சம் பலத்தை ஒதுக்கி வைக்கிறார்கள். அது என்ஜினின் கையிருப்பு. ‘சிப்’ அந்தக் கையிருப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது.

வெற்று வண்டியில் அது தெரியாது. பாரத்தோடு மலை ஏறும்போதுதான் தெரியும். என்ஜினுக்குள் சூடு ஏறும். பிஸ்டன் உருகுவதும் உண்டு. கியர் பெட்டி தேய்ந்து போவதும் உண்டு. புது டீசல் என்ஜின் போட 10 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்!

வண்டியின் உச்ச வேகத்துக்கு வைத்த கட்டுப்பாட்டையும் சிலர் எடுத்துவிடுகிறார்கள். டயர் தாங்கும் வேகத்தைப் பார்த்து வைத்த கட்டுப்பாடு அது. அதை எடுப்பது உயிரோடு விளையாடுவது.

உத்தரவாதம் என்ன ஆகும்?

‘வேறு சாமான் பொருத்தினாய்’ என்று சொல்லி மட்டும் கம்பெனி உத்தரவாதத்தை மறுக்க முடியாது. 1975-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் சாமானால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும்.

ஆனால் பலம் கூட்டிய என்ஜினில் பிஸ்டன் உருகினால், அதைக் காட்டுவது கடினம் அல்ல. கணக்கை மாற்றி எழுதிய தடயம் பல வண்டிகளின் கம்ப்யூட்டரில் தங்கிவிடுகிறது. பழைய கணக்கைத் திரும்ப எழுதினாலும் தடயம் மறையாது.

பக்கத்து வீட்டுக் குழந்தை

டீசல் பலத்துக்காகச் சிலர் புகை வடிகட்டிகளையே கழற்றிவிடுகிறார்கள். வடிகட்டி இல்லாததைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாதபடி ‘சிப்’ பார்த்துக்கொள்கிறது. இது சட்டத்துக்கு விரோதம். 1970-ம் ஆண்டில் வந்த தூய காற்றுச் சட்டம் இதைத் தடுக்கிறது.

முந்திய 10 ஆண்டுகளில் 5½ லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று 2020-ல் சுற்றுச்சூழல் துறை கணக்கிட்டது. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளை வதைக்கும். பலம் ஒருவருக்கு, இருமல் ஊருக்கு!

எப்போது வாங்கலாம்?

பெரிய டயர் மாட்டினால் வேகம் காட்டும் முள் தவறாகக் காட்டும். அதைச் சரி செய்ய உண்மையான கருவி உதவும். டர்போ வண்டியில் மிதமாகப் பலம் கூட்டவும் உதவும். ஆனால் அது புகைச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அனுமதி பெற்ற கருவிகளுக்கு அரசாங்கம் ஒரு எண் கொடுக்கிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

பலம் கூடியதா என்று காதால் கேட்டுச் சொல்ல முடியாது. உருளைகளின் மேல் வண்டியை ஓட்டிப் பலத்தை அளக்கும் கருவி உண்டு. மாற்றுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

பாரம் இழுத்துப் பிழைக்கும் வண்டிக்கோ ‘சிப்’ வேண்டாம். டயரில் சரியான காற்று, தொட்டியில் தேவையற்ற சாமான் இல்லாமை, நிதானமான வேகம் இவை மூன்றும் எண்ணெயை மிச்சப்படுத்தும். அதற்கு 20 டாலர்கூடச் செலவில்லை!