அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆவடி கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவியோடு இணைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரில் படம் போட்டிருந்தோம். சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த காட்சியில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்கிறார்கள். உதடு அசைகிறது, பேச்சோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கிறது. அம்மா எழுந்துபோய் ஸ்பீக்கரின் திருகைக் கூட்டிவிட்டு வந்தார். உடனே பாட்டு வந்தது. பதறிப்போய்க் குறைத்தார். மூன்றாவது முறை எழுந்தவர் திரும்பி வந்து உட்காரவில்லை. “எனக்குக் காது போயிடுச்சுப்பா, நீங்க பாருங்க” என்று உள்ளே போய்விட்டார்.

அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. காது டாக்டரிடம் எப்போது அழைத்துப்போகலாம் என்று வீட்டில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆடியோ பின் செருகும் துளைகள் பச்சை, ஆரஞ்சு, கறுப்பு என்று வரிசையாக இருந்தன. பச்சையில் மட்டும்தான் வயர். ஆரஞ்சு காலி. அம்மாவின் ‘காதுக் குறை’ அந்த ஆரஞ்சுத் துளையில் இருந்தது.

பேச்சு எங்கே போகிறது?

திரைப்பட ஒலியில் 5.1 என்று சொல்வது ஆறு தனித்தனி ஒலிப் பாதைகளை. முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, தாழ்ந்த அதிர்வுக்கு ஒரு சப்வூஃபர். பாட்டும் பின்னணி இசையும் பல பாதைகளில் பரவும். வசனத்தின் பெரும்பகுதி நடுப் பாதையில்தான் வரும். கம்ப்யூட்டரின் ஆரஞ்சுத் துளை அந்த நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் உரியது.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஐந்து ஸ்பீக்கர் செட் இருந்தது. அது பழுதானபின் இரண்டு சாதாரண ஸ்பீக்கரை மாட்டினோம். கம்ப்யூட்டருக்கு அதை யாரும் சொல்லவில்லை. நடு ஸ்பீக்கர் இன்னும் இருக்கிறது என்று நம்பி, அது வசனத்தைக் காலியான துளைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. இடம், வலப் பாதைகளில் கசிந்த கொஞ்சம் பேச்சுதான் எங்களுக்குக் கேட்டது.

சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல் திறந்து, சவுண்ட், அதில் பிளேபேக், ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் போய் ‘ஸ்டீரியோ’ என்று மாற்ற வேண்டும். அதன்பின் நடுப் பாதையின் பேச்சு இடத்துக்கும் வலத்துக்கும் பகிர்ந்து வந்துவிடும். அதற்குப் பிறகும் சண்டைக்கும் பேச்சுக்கும் ஏற்ற இறக்கம் அதிகமாகத் தெரிந்தால், வி.எல்.சி. பிளேயரின் எஃபெக்ட்ஸ் பகுதியில் ‘கம்ப்ரஸர்’ இருக்கிறது. அது பெருஞ்சத்தத்தை அடக்கிக் கொடுக்கும்.

இன்னொரு கோளாறும் இதே முகத்தோடு வரும். பாட்டில் வாத்தியம் எல்லாம் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். அங்கே பின்னைச் சந்தேகப்படுங்கள். ஆடியோ பின் பாதி மட்டும் செருகியிருந்தாலோ, வயருக்குள் பொது இணைப்பு அறுந்திருந்தாலோ, இரு பக்கமும் ஒரேமாதிரி வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். குரல் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரேமாதிரி பதிவாகியிருப்பதால் முதலில் மறைவது அதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்று

பக்கத்து வீட்டு மாமா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்டபடி எதையெதையோ மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “தம்பி, ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். நாலை மாத்திட்டா, சரியாப்போனாக்கூட எதனாலன்னு உனக்குத் தெரியாது” என்றார். பிறகு நான் அந்த முறையைத்தான் பின்பற்றினேன்.

ஒரு படம் திரைக்கு வர ஐந்து கை மாறுகிறது: ஃபைல், பிளேயர், கம்ப்யூட்டர், வயர், டிவி. எந்தக் கையில் குறை என்று தனித்தனியே சோதிக்க வேண்டும். அதே ஃபைலைப் பென் டிரைவில் போட்டு நேராக டிவியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் தகராறு என்றால் ஃபைலைச் சந்தேகிக்கலாம். அங்கே நன்றாக ஓடினால் வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். பிறகு வயரை மாற்றுங்கள். இதையெல்லாம் செய்யாமல் ஆவடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் புது வயரும் புது ஸ்பீக்கரும் வாங்கி வருகிறவர்கள் பலர். பழைய கோளாறு புது ஸ்பீக்கரில் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

எச்.டி.எம்.ஐ. வயர் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் போவது டிஜிட்டல் சிக்னல். விலை உயர்ந்த வயர் நிறத்தை அழகாக்காது. வயர் சரியில்லை என்றால் படத்தில் வெள்ளைப் புள்ளி மின்னும், அல்லது திரை நொடிக்கொரு முறை கறுத்துக் கறுத்து வரும். அப்போது மட்டும் மாற்றினால் போதும்.

விக்கி நிற்கும் படம்

2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்பை இன்று டிவியோடு இணைத்துப் படம் பார்க்கிற வீடுகள் உண்டு. ஒலி சீராக ஓடும், படம் மட்டும் விக்கி விக்கி நிற்கும், உள்ளே விசிறி இரையும். லேப்டாப் கெட்டுவிட்டது என்று மூலையில் போட்டுவிடாதீர்கள்.

2013-ல் வந்த எச்.இ.வி.சி. என்ற சுருக்கும் முறை படத்தைச் சின்ன ஃபைலில் அடக்குகிறது. அதைச் சிரமமில்லாமல் விரிக்கச் சிப்புக்குள் அதற்கென்றே தனிப் பகுதி வேண்டும். இன்டெல் சிப்களில் 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் அது முழுமையாக உள்ளேயே வந்தது. அதற்கு முந்தைய லேப்டாப்பில் பிராசஸரே மொத்த வேலையையும் தூக்கிச் சுமக்கிறது, மூச்சு வாங்குகிறது. 2003-ல் வந்த எச்.264 முறையில் இருக்கும் ஃபைலைத் தேர்ந்தெடுத்தால், அதே லேப்டாப்பில் 1080 அளவுப் படம் சிரமமில்லாமல் ஓடும்.

அக்காவின் கல்யாண கேசட்

தொண்ணூறுகளில் எடுத்த அக்காவின் கல்யாண வீடியோவை ஸ்டூடியோவில் கொடுத்து ஃபைலாக மாற்றி வைத்திருக்கிறோம். மணவறையில் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை படம் நன்றாக இருக்கும். தாலி கட்டக் கை நீளும் நொடியில், அந்தக் கையின் ஓரம் முழுக்கச் சீப்புப் பற்கள்போல் கோடு கோடாகப் பிரியும். கேசட் பாழாகிவிட்டது என்று அம்மா வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

கேசட்டில் குறையில்லை. அக்காலத்து டிவி முறை நொடிக்கு 25 படங்களை, ஒவ்வொன்றையும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டாகப் பிரித்து, 50 பாதிகளாகக் காட்டியது. பழைய குழாய் டிவிக்கு அது பொருந்தியது. இன்றைய திரை இரு பாதிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டுகிறது. இடையில் கை நகர்ந்துவிட்டதால் இரண்டும் ஒட்டுவதில்லை. வி.எல்.சி.யில் ‘டீஇன்டர்லேஸ்’ என்ற வசதியைப் போட்டேன். கீபோர்டில் ‘டி’ பட்டனைத் தட்டினாலும் அது வேலை செய்யும். கோடுகள் போய்விட்டன. அக்காவின் கழுத்தருகே நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போடுவதை அம்மா நான்கு முறை ஓட்டிப் பார்த்தார்.

பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய திட்டம் இந்த வி.எல்.சி. காசில்லை, விளம்பரமில்லை. 2022-ல் இதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது. அந்த அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

உதடு முந்த, குரல் பிந்த

குரலும் உதடும் ஒத்துப்போகாவிட்டால், பெரும்பாலும் டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம். தனி ஸ்பீக்கரில் ஒலி நேராகப் போய்விடும், படம் பின்தங்கும். டிவியில் ‘கேம் மோட்’ போட்டால் தாமதம் குறையும். வி.எல்.சி.யில் ‘கே’ பட்டனை ஒருமுறை தட்டினால் ஒலி நொடியில் இருபதில் ஒரு பங்கு பின்தள்ளிப் போகும். ‘ஜே’ அதை முன்னே இழுக்கும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் ஒலிதான் பிந்தி வரும், அதற்கு ‘ஜே’.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல் வந்தால், டிவியின் பின்னால் இருக்கும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கும் இரண்டு கருவிகளுக்கு நடுவே மின்சாரம் சுற்றுகிறது என்று பொருள். டிவி, கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைக் கேபிள் வழியில் போடும்படி கேபிள்காரரிடம் சொல்லுங்கள். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிரைக் காக்கும் பின். ஏரி வற்றி மண் காயும் கோடையில் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் நல்லது.

அந்தத் திங்கட்கிழமை இரவு, நிறுத்திய இடத்திலிருந்தே படத்தை மறுபடி போட்டோம். அப்பாவும் மகளும் பேசும் காட்சி வந்தது. அம்மா திருகைத் தொடவில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் “சரியா கேக்கலப்பா” என்று சொன்னால், அவர்கள் காதைக் குறை சொல்லுமுன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.