முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்

1985 ஜூலை 31 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரோஜர் போஜொலே என்ற பொறியாளர் தன் நிறுவனத்தின் பொறியியல் துணைத்தலைவர் ராபர்ட் லண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாசாவின் விண்வெளி ஓடத்துக்கு பூஸ்டர் ராக்கெட் செய்துகொடுத்த மார்ட்டன் தியோகால்தான் அந்த நிறுவனம். கடித வடிவில் அமைந்த தொழில்நுட்ப அறிக்கை அது. நீளம் ஏறக்குறைய ஒரு பக்கம். சுருக்கமாக அறிக்கை எழுதக் கற்க விரும்புகிறவர்கள் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

பொருள் வரியிலேயே ஓ-ரிங் அரிப்பும் அதனால் நேரக்கூடிய ஆபத்தும் வந்துவிடுகின்றன. ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் உள்ளே எரியும் சூடான வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஓ-ரிங். இந்தச் சிக்கல் எவ்வளவு கடுமையானது என்பது நிர்வாகத்துக்கு முழுமையாகத் தெரிய வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன் என்கிறது முதல் வாக்கியம். அடுத்து ஆதாரம்: ஒரு நாசில் (வாயு வெளியேறும் முனை) இணைப்பில் இருந்த இரண்டு வளையங்களில் முதலாவது அடைக்கவே இல்லை, இரண்டாவதும் அரிக்கப்பட்டிருந்தது. இதே நிலை பூஸ்டரின் மற்ற இணைப்புகளில் வந்தால் மனித உயிர்கள் போகக்கூடும் என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். இதற்கென்றே ஒரு குழுவை உடனே ஒதுக்குங்கள் என்று கேட்டு முடிக்கிறார். அவருடைய மேலாளரும் அதில் ஒப்புதல் கையெழுத்திட்டிருக்கிறார்.

என்ன கண்டேன், என்ன ஆகும், யார் என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றும் இருக்கின்றன. வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்டில் குழு அமைந்தது; ஆனால் அது கேட்டவை பலவும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அக்டோபர் 1 அன்று பாப் எபலிங் என்ற சக பொறியாளர் அனுப்பிய குறிப்பு, ‘உதவி!’ என்ற ஒற்றைச் சொல்லோடு தொடங்கியது. 1986 ஜனவரி 27 இரவு, கடுங்குளிரில் ஓ-ரிங் சரியாக அடைக்காது, ஓடத்தை ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். முதலில் அவர்கள் பக்கம் நின்ற லண்ட், பொறியாளராக அல்லாமல் நிர்வாகியாக யோசிக்கும்படி மேலதிகாரி சொன்னதும் முடிவை மாற்றிக்கொண்டார். ஆம், ஜூலைக் கடிதத்தைப் பெற்ற அதே லண்ட்தான். மறுநாள் காலை, பூஸ்டர் இணைப்பின் ஓ-ரிங் அடைக்கத் தவறியதால், புறப்பட்ட 73ஆவது விநாடியில் சேலஞ்சர் என்ற அந்த ஓடம் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் உயிரிழந்தார்கள்.

அப்படியானால் கடிதம் தோற்றுவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. தங்களுக்குத் தெரியாது என்று சொல்ல நிறுவன நிர்வாகத்துக்கு அது இடம் வைக்கவில்லை. விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கையில் அந்தக் கடிதம் இடம்பெற்றது.

நம் அலுவலகங்களிலும் கடித வடிவம் புதிதல்ல. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று சட்டகம் தயாராக இருக்கிறது. பொருள் வரியில் ‘ஆய்வு அறிக்கை சமர்ப்பித்தல் தொடர்பாக’ என்று போட்டு, பார்வையில் பழைய கடித எண்களை அடுக்கி, கடைசியில் ‘தக்க நடவடிக்கைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது’ என்று முடித்துவிடுகிறோம். எந்த நடவடிக்கை, யார் எடுப்பது, எந்தத் தேதிக்குள்? ஒன்றும் இருக்காது. மேல்நிலைத் தொட்டியைப் பார்த்து வந்த பொறியாளர் இப்படி எழுதலாமே: ‘வடகிழக்குத் தூணில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. தொட்டியில் இன்றே நீர் ஏற்றுவதை நிறுத்தி, தூணின் வலிமையைச் சோதிக்க உத்தரவிட வேண்டுகிறேன்.’ இரண்டே வாக்கியம். அளவுகளும் படங்களும் இணைப்பில் போகட்டும்.

பொறியாளர் நண்பர்களே, இந்த வாரம் நீங்கள் அனுப்பவிருக்கும் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆபத்து கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்தால் அதை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். யாரிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பதவியோடும் தேதியோடும் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.