பக்கிங்ஹாம் கால்வாயில் எண்ணெய்

தாது வருஷப் பஞ்சத்தில் கூலி ஜனங்கள் வெட்டிய பகுதியும் சேர்ந்ததுதான் பக்கிங்ஹாம் கால்வாய். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதன் வழியே சென்னைக்கு வந்த காலமுண்டு. 2023 டிசம்பரில் வந்ததோ வேறு சரக்கு! மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பெருகிய எண்ணெய், அக்கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்தது. படகுகளும் வலைகளும் தார் பூசினாற்போல் கறுத்தன.

எண்ணெய் நீரில் மிதப்பது. மிதவைத் தடுப்புகளால் அதை வளைத்து, இயந்திரத்தால் உறிஞ்ச வேண்டும், அதுவும் உடனே. தாமதித்தால் சேற்றிலும் அலையாத்தி வேர்களிலும் படிந்துவிடும்; பிறகு மீன் ஏது, நண்டு ஏது? ஆயினும் நாம் கண்டதென்ன? மீனவர்களே படகேறி, பலர் கையுறையுமின்றி, குவளையால் அள்ளிப் பீப்பாய்களை நிரப்பினார்கள்.

2017 ஜனவரியில் எண்ணூருக்கருகே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், கரையில் நம்மவர் கைக்கு அகப்பட்டது வாளிதான்.