வேகக் கட்டுப்பாடும் நவீன தொழில்நுட்பமும் குடாநாட்டு வீதிகளில் உயிர்களைக் காக்குமா?

யாழ். குடாநாட்டின் வீதிகள் குன்றும் குழியுமாகக் கிடந்த காலத்தில் அவ்வீதிகளே வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தின. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில் குடாநாட்டு மக்கள் துவிச்சக்கர வண்டிகளையும் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களையுமே நம்பியிருந்தனர். அன்று உயிருக்கு அச்சுறுத்தலாக இருந்தவை வேறு. வீதி விபத்து அவற்றுள் முதன்மையானதாக இருக்கவில்லை.

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுக்கு வந்த பின்னர் நிலைமை மாறியது. ஏ-9 வீதி திறக்கப்பட்டுப் புனரமைக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் பூநகரி, மன்னார் ஊடான பாதை குடாநாட்டுடன் இணைந்தது. தென்னிலங்கைக்குச் செல்வோருக்கும், புத்தளத்துக்கும் யாழ். சோனகத் தெருவுக்கும் இடையே வந்துபோகும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் பயணம் இலகுவானது. உள்ளூர் வீதிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காபெற் வீதிகளாயின. லீசிங் முறையில் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வீடுதோறும் வந்து சேர்ந்தன. குழிகள் மூடப்பட்டபோது, வேகத்துக்கு இருந்த தடையும் அவற்றோடு மூடப்பட்டுவிட்டது. அந்தத் தடைக்குப் பதிலாக நாம் எதை வைத்திருக்கிறோம் என்பதே இன்றுள்ள கேள்வியாகும்.

இலங்கையில் ஆண்டுதோறும் சராசரியாக 38 ஆயிரம் வீதி விபத்துகள் நிகழ்வதாகவும், அவற்றில் சுமார் 3 ஆயிரம் பேர் உயிரிழந்து 8 ஆயிரம் பேர் படுகாயமடைவதாகவும் உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. 2016 டிசம்பரில் சாவகச்சேரி, சங்கத்தானையில் வான் ஒன்றும் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்றும் மோதியதில் குறைந்தது பத்துப்பேர் பலியாகினர். 2025 மே மாதத்தில் கொத்மலையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய அனர்த்தம் நிகழும் ஒவ்வொரு தடவையும் இரு பரிகாரங்கள் முன்வைக்கப்படுகின்றன. வேகக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்க வேண்டும் என்பது ஒன்று. நவீன பாதுகாப்புத் தொழில்நுட்பம் கொண்ட வாகனங்கள் வரவேண்டும் என்பது மற்றையது. இவ்விரண்டும் உண்மையில் எவ்வளவு பயன் தரும், அதிலும் எமது வீதிகளில் எவ்வளவு பயன் தரும் என்பதை ஆராய்வது அவசியமாகும்.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். குடிமனைகள் நிறைந்த பகுதிகளில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மணித்தியாலத்துக்கு 50 கிலோ மீற்றர், ஏனைய பகுதிகளில் 70 கிலோ மீற்றர் என்பதே நாட்டில் பொதுவாக வழங்கும் உச்ச வேகம். முச்சக்கர வண்டிகளுக்கு இது 40 கிலோ மீற்றர். குடாநாட்டின் வீதிகளில் பெரும்பாலானவை குடிமனைகளின் ஊடாகவே செல்கின்றன. எனினும் காங்கேசன்துறை வீதியிலோ பருத்தித்துறை வீதியிலோ 70 கிலோ மீற்றரில் செல்பவர் தாம் வேகமாகச் செல்வதாகவே கருதுவதில்லை. 50க்கும் 70க்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு என்று கேட்போரும் உளர்.

அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபுறமும் மதிலும் வேலியும் மறைத்து நிற்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் பிரதான வீதிக்கு வருகிறான் எனக் கொள்வோம். 50 கிலோ மீற்றரில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. சாரதி சிறுவனைக் கண்டு பிறேக்கை அழுத்த ஒரு செக்கன் எடுத்தால், அந்த 14 மீற்றரும் அவர் எதுவும் செய்யாமலே கடந்துவிடும். பின்னர் உலர்ந்த, நல்ல வீதியில் கார் நிற்பதற்கு மேலும் 14 மீற்றர் தேவை. ஆகவே 28 மீற்றரில் கார் நின்றுவிடும். 70 கிலோ மீற்றரில் வரும் காருக்கோ அந்த முதற் செக்கனிலேயே 19 மீற்றர் போய்விடும். அது நிற்பதற்கு மொத்தம் 46 மீற்றர் வேண்டும். 28 மீற்றர் தூரத்தில் சிறுவன் இருந்தால், முதலாவது கார் அவனுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. இரண்டாவது கார் முழுப்பலத்துடன் பிறேக் பிடித்தும் 58 கிலோ மீற்றர் வேகத்தில் அவனை மோதுகிறது. இரு சாரதிகளும் சமமான திறமை உடையவர்களே. வேறுபாடு 20 கிலோ மீற்றர் மாத்திரமே.

மோதும் வேகம் கூடக்கூட உயிர் பிழைக்கும் வாய்ப்பும் விரைவாகக் குறைகிறது. 50 கிலோ மீற்றரில் மோதப்படுவதிலும் பார்க்க 65 கிலோ மீற்றரில் மோதப்படும் பாதசாரி இறக்கும் அபாயம் நான்கரை மடங்கு எனவும், ஒரு வீதியின் சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் அங்கு மரண விபத்துகள் ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும் எனவும் உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவிக்கிறது. சுவீடன் ஆய்வாளர் யோரன் நில்சன் வகுத்த கணிப்பு முறையும் இதையே காட்டுகிறது. அதன்படி, சராசரி வேகம் 60இலிருந்து 57 கிலோ மீற்றருக்கு இறங்கினாலே மரண விபத்துகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். வெறும் 3 கிலோ மீற்றருக்குக் கிடைக்கும் பயன் இது. மறுபுறத்தில், 15 கிலோ மீற்றர் பயணத்தை 50 கிலோ மீற்றரில் அல்லாது 70 கிலோ மீற்றரில் செல்வதால் மீதமாவது ஐந்து நிமிடம் மாத்திரமே. சந்திகளிலும் சந்தைகளிலும் தாமதித்த பின்னர் அதுவும் எஞ்சுவதில்லை.

எனவே வேகம் குறைந்தால் உயிர்கள் காக்கப்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேக எல்லையை எழுதி வைப்பதால் மட்டும் வேகம் குறைந்துவிடுவதில்லை. 2018இல் வேக மீறலுக்கான தண்டப்பணம் குறைந்தபட்சம் 3 ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. மீறலின் அளவுக்கேற்ப அது 15 ஆயிரம் வரை செல்லும். ஆயினும் பொலிஸார் நிற்கும் இடத்தை எதிரே வரும் வாகனம் முன்விளக்கைச் சிமிட்டி அறிவிக்கிறது. அந்த நூறு மீற்றருக்குள் மாத்திரம் அனைவரும் சட்டத்தை மதிக்கின்றனர். தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே மனிதரின் நடத்தையை மாற்றுகிறது. அந்த நிச்சயத்தை வீதியோரத்தில் எப்போதாவது நிற்கும் ஒரு பொலிஸ் அணியால் ஏற்படுத்த முடியாது.

குடாநாட்டுக்கே உரிய மற்றொரு தடையும் உண்டு. வீதியில் மறிக்கப்படுவதென்றால் எமது மக்களுக்கு சோதனைச் சாவடிகளின் நினைவே முதலில் வருகிறது. மொழி புரியாத நிலையில் எழுதப்படும் தண்டப்பத்திரமும், சிலர் மாத்திரம் தப்பிவிடுகின்றனர் என்ற சந்தேகமும் அந்த நினைவை வலுப்படுத்துகின்றன. தம்மைக் காப்பதற்கான சட்டம் என்று மக்கள் நம்பாத எதுவும் அவர்களிடம் வேரூன்றாது. ஆள் பார்க்காமல் இயங்கும் வேகக் கமராக்களும், தமிழில் தெளிவாக எழுதப்பட்ட அறிவித்தல் பலகைகளும், எந்தெந்த இடங்களில் ஏன் சோதனை நடைபெறுகிறது என்ற பகிரங்க விளக்கமும் இந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்ப உதவும்.

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., வாகனம் நிலைதடுமாறும்போது அதனைத் திருத்தும் கருவி, ராடரும் கமராவும் கொண்டு முன்னால் உள்ள தடையை உணர்ந்து தானாகப் பிறேக் பிடிக்கும் முறை, வேக எல்லையைச் சாரதிக்கு நினைவூட்டும் முறை என இவை பலவகைப்படும். இவற்றின் பயன் வெறும் விளம்பரமல்ல. தானியங்கிப் பிறேக் உள்ள கார்கள் முன்னால் செல்லும் வாகனத்தின் பின்புறம் மோதும் விபத்துகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருப்பதை அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு ஆய்வகம் கண்டறிந்தது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் வேக நினைவூட்டல் முறை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஆனால் அதே ஆய்வகம் 2022இல் வெளியிட்ட மற்றொரு முடிவு நமக்கு முக்கியமானது. பாதசாரிகளை உணரும் தானியங்கிப் பிறேக், பாதசாரி விபத்துகளை 27 சதவீதத்தால் குறைத்தது. எனினும் வீதி விளக்கில்லாத இருட்டில் அதனால் எந்தப் பயனும் தென்படவில்லை. குடாநாட்டின் இரவு வீதிகளை எண்ணிப்பாருங்கள். விளக்கில்லாத நீண்ட வெளிகள், விளக்குப் பூட்டாத சைக்கிள்கள், வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள். கருவி எங்கே தோற்கிறதோ அங்கேதான் எமக்கு ஆபத்து அதிகம்.

வாகனத்தைத் தன் நிரலில் வைத்திருக்கும் கருவிக்கு வீதியில் வெள்ளைக்கோடு வேண்டும். எமது உள்வீதிகள் பலவற்றில் கோடே இல்லை. வேக எல்லையை வாசிக்கும் கமராவுக்கு அறிவித்தல் பலகை வேண்டும். அதுவும் பல இடங்களில் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்கள் பலவற்றில் எச்சரிக்கைகள் ஜப்பானிய மொழியிலேயே தோன்றுகின்றன. அதன் பொருள் புரியாத உரிமையாளர் கருவியை நிறுத்திவிடுகிறார். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால் வீதியில் உள்ளவை பெரும்பாலும் பழைய வாகனங்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கருவிகள் காரில் உள்ளன. எமது வீதிகளில் பெருந்தொகையானோர் செல்வதோ மோட்டார் சைக்கிளிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும்.

கருவி தரும் நம்பிக்கையும் சில வேளைகளில் ஆபத்தாக முடியும். 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாடகைக் கார்களில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பொருத்தி ஒப்பிட்டபோது விபத்துகள் குறையவில்லை. பிறேக் நன்றாகப் பிடிக்கும் என்று அறிந்த சாரதிகள் முன்னரைவிடத் துணிந்து ஓட்டியதே காரணம் என ஆய்வாளர்கள் விளக்கினர். வேகத்தைக் குறைக்காதவருக்குக் கொடுக்கப்படும் பாதுகாப்பு, அவரது வேகத்திலேயே செலவாகிவிடுகிறது.

இதனால் தொழில்நுட்பம் எமக்கு வேண்டாம் என்பதல்ல. எமக்குப் பொருந்துவதைத் தெரிவு செய்ய வேண்டும். இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயமாக உள்ளது. எமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்புகளே என்பதால், இங்கும் அதே விதியைக் கேட்பது நியாயமானது. தனியார் பஸ், டிப்பர் ஆகியவற்றில் குறித்த வேகத்துக்கு மேல் செல்லாதவாறு தடுக்கும் கருவியைப் பொருத்துவது, விலையுயர்ந்த கார்களில் ராடர் பொருத்துவதைவிட அதிக உயிர்களைக் காக்கும். அதேவேளை, பயணிகளை ஏற்றுவதற்காக ஒரே வீதியில் போட்டியிட்டு ஓடும் பஸ்களுக்கு உரிய நேர அட்டவணை இல்லாதவரை, சாரதியை மாத்திரம் குறைகூறுவதில் பயனில்லை. தலைக்கவசமும் ஒரு தொழில்நுட்பமே. மோட்டார் சைக்கிளில் செல்பவரின் மரண அபாயத்தை அது ஏறத்தாழ 40 சதவீதத்தால் குறைக்கிறது. ஆனால் தந்தை கவசத்துடனும், தாங்கியின் மேல் அமர்ந்த பிள்ளை கவசமின்றியும் பாடசாலைக்குச் செல்வது இன்றும் நாம் காணும் காட்சியாகும்.

வீதியையும் மாற்ற வேண்டும். 1997இல் வீதி மரணமே இல்லாத நிலையைத் தன் கொள்கையாக ஏற்ற சுவீடன், மனிதர் தவறு செய்வார்கள் என்பதை ஏற்று, அத்தவறு மரணமாக முடியாத வகையில் வீதிகளை அமைத்தது. அன்று ஆண்டுக்கு 500க்கு மேல் இருந்த மரணங்கள் இன்று அதில் அரைவாசிக்கும் கீழ். வாகனங்களும் பாதசாரிகளும் கலக்கும் இடங்களில் 30 கிலோ மீற்றரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என 2020இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு பிரகடனம் செய்தது. பாடசாலை, கோயில், பள்ளிவாசல், சந்தை ஆகியவற்றின் முன்னால் இந்த எல்லையும், அதனை மீற விடாத மேடான பாதசாரிக் கடவைகளும் அமைய வேண்டும். பிரதான வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை பொறுப்பு. ஆனால் ஒழுங்கை முகப்பில் பார்வையை மறைக்கும் வேலியை வெட்டுவதும், வீதி விளக்கு ஏற்றுவதும், கட்டாக்காலி மாடுகளைப் பிடிப்பதும் 2025 மே தேர்தலின் பின்னர் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளைப் பெற்றுள்ள உள்ளூராட்சிச் சபைகளின் கைகளிலேயே உள்ளன. இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை.

கடுமையான வேக எல்லை உயிர் காக்குமா என்றால், நேர்மையாகவும் தொடர்ச்சியாகவும் நடைமுறைப்படுத்தினால் நிச்சயம் காக்கும். தொழில்நுட்பம் காக்குமா என்றால், வேகம் குறைந்த வீதியில் அது துணை நிற்கும். வேகத்துக்குப் பதிலீடாக அது அமையாது. சட்டமும் கருவியும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. திருவிழாப் பிரசங்கத்திலும் வெள்ளிக்கிழமைக் குத்பாவிலும் பாடசாலைக் காலைக் கூட்டத்திலும், அயலவரின் உயிரைப் பேணுவது கடமை என்பது வீதியைக் குறித்தும் சொல்லப்பட வேண்டும். நீண்ட யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகங்கள் நாம். தப்பிப் பிழைத்த தலைமுறையின் பிள்ளைகளை ஐந்து நிமிட அவசரத்துக்குப் பலிகொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.