இயேசு படத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் யார் தெரியுமா?

கோலார் தங்கவயல் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு ‘கே.ஜி.எஃப்.’ பட நாயகன் யஷ்ஷின் தாடிதான் ஞாபகம் வரும். சம்மட்டி, துப்பாக்கி, காது கிழியும் பின்னணி இசை! ஆனால் அதே ஊரில் சர்ச் மணி, சுரங்கச் சங்கு, அம்மன் கோயில் மேளம், புத்தர் சங்கக் கூட்டம் எல்லாம் ஒரே காற்றில் கலந்து கேட்ட காலம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். கிறிஸ்தவப் படங்களை நம் ஊர்ப் பக்கம் ஓட வைத்தது யார்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போனவர்கள் மட்டும்தானா? பதிலைத் தேடிப் போனால் ஆச்சரியத்தின் மேல் ஆச்சரியம்!

பெங்களூருக்கு முன்பே பல்பு எரிந்த ஊர் தெரியுமா?

சிவனசமுத்திரத்தில் காவிரி நீரில் தயாரான மின்சாரம் 1902லேயே சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக ஓடி வந்து தங்கவயலை எட்டிவிட்டது. பெங்களூரு தெருவிளக்கு எரிந்தது 1905இல்தான்! 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி காலெடுத்து வைத்த பிறகு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் தெலுங்கரும் வந்தார்கள். ஊரோ கன்னட நாடு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும் ‘ராக் பர்ஸ்ட்’ எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஷிப்டுக்கு இறங்கிய மனிதர் முழுசாக மேலே வர வேண்டுமே என்று லைன் வீட்டில் காத்திருக்கிற பெண்ணுக்கு, எந்தச் சாமி காப்பாற்றினாலும் சாமிதான்!

ஒரே ஊரில் எத்தனை வழிகள் தெரியுமா?

சாம்பியன் ரீஃபில் வெற்றி மாதா ஆலயம் இருக்கிறது. உரிகத்தில் ஆங்கிலேயர் காலத்துச் சர்ச் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய ‘தமிழன்’ இதழை அவர் காலத்துக்குப் பிறகு 1926 முதல் தங்கவயலிலிருந்து நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த பகுத்தறிவு பௌத்தம் அது! கொஞ்ச தூரத்தில் கம்மசந்திராவில் 108 அடி உயர லிங்கத்தோடு கோடிலிங்கேஸ்வரர் கோயில். சாமியைக் கும்பிட்டவர், மதத்தை மாற்றிக்கொண்டவர், மதத்தையே கேள்வி கேட்டவர் என்று எல்லாரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த ஊர். மதப் படத்தை ரசிக்க மதம் மாற வேண்டியதில்லை என்பது இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தா தெரிய வேண்டும்?

இந்திய சினிமாவுக்குப் பொறி தந்ததே இயேசு படம்தான் தெரியுமா?

ஆமாம், சத்தியமாக! 1910-11 வாக்கில் பம்பாய்க் கொட்டகை ஒன்றில் தாதா சாகேப் பால்கே ‘கிறிஸ்துவின் வாழ்க்கை’ மௌனப் படம் பார்த்தார். திரையில் ஓடியது இயேசு. அவர் மனதுக்குள் ஓடியதோ ராமனும் கிருஷ்ணனும், கோகுலமும் அயோத்தியும்! இதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். விளைவு? 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’. நம்முடைய புராணப் படங்களின் வரிசை மொத்தமும், ஓர் இந்து ரசிகர் கிறிஸ்தவப் படத்தைப் பார்த்து மெய்மறந்த அந்த ஒரு காட்சியிலிருந்து புறப்பட்டது.

தென்னாட்டின் முதல் டூரிங் கொட்டகையில் என்ன படம் தெரியுமா?

திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை உதறினார், ஊர் ஊராகக் கிளம்பினார். பெட்டியில் இருந்த சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை! கூடாரத்துக்குள் வெள்ளைத் திரையில் மனிதர்கள் நடக்கிறார்கள் என்றால் வேடிக்கை பார்க்க ஊரே திரளும், மதம் பார்த்தா திரளும்? பிறகு 1914இல் கோயம்புத்தூரில் அவர் கட்டியதுதான் புகழ்பெற்ற வெரைட்டி ஹால்.

ஐயப்ப பக்தர் போட்ட இயேசு நாடகம் தெரியுமா?

நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை! ‘ராமதாஸ்’ நாடகத்தில் நவாப் வேடம் கட்டி அந்தப் பெயரையே பட்டமாகப் பெற்றவர். ஐயப்பன் நாடகம் போட்டுத் தமிழ்நாட்டில் சபரிமலை பக்தியைப் பரப்பியவர். அவருடைய கம்பெனி மேடையேற்றிய நாடகங்களில் ‘இயேசுநாதர்’ உண்டு, மாதாவின் அற்புதம் சொல்லும் ‘ஞானசௌந்தரி’யும் உண்டு! மேடையில் சிலுவை ஏறினால் கொட்டகையில் விசும்பல் கேட்கும் என்பது அந்தக் காலக் கம்பெனி முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரே பெயரில், ஒரே வருடத்தில் இரண்டு ‘ஞானசௌந்தரி’ தெரியுமா?

1948. ‘சந்திரலேகா’ என்ற பிரம்மாண்டத்தைக் கொடுத்து நாட்டையே வாய் பிளக்க வைத்த எஸ்.எஸ். வாசன், அதே வருடம் ‘ஞானசௌந்தரி’யும் எடுத்தார். இந்தப் பக்கம் ஜோசப் தளியத்தின் சிட்டாடல் நிறுவனமும் எஃப். நாகூர் இயக்கத்தில் டி.ஆர். மகாலிங்கம், எம்.வி. ராஜம்மா நடிக்க அதே கதையை எடுத்தது. சித்தியின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்ட பெண்ணுக்கு மாதா கைகளைத் திரும்பக் கொடுக்கும் கதை. ஜெயித்தது எது? சிட்டாடல் படம்! ஜெமினி முதலாளி வாசனோ சில வாரங்களிலேயே தன் படத்தைக் கொட்டகைகளிலிருந்து எடுத்துவிட்டார். சிட்டாடல் படத்தின் மாதா பாட்டைச் சிறுமிக்கு ஜிக்கியும் வளர்ந்த பெண்ணுக்கு பி.ஏ. பெரியநாயகியும் பாடினார்கள். ஜிக்கியின் பெயரை ஊரெங்கும் ஒலிக்க வைத்த பாட்டு அது. சித்திக் கொடுமைக்கு அழாத தமிழச்சி உண்டா? அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறவளாக இருந்தால் என்ன!

‘பாவமன்னிப்பு’ இயக்குநர்தான் இயேசுவையும் எடுத்தார் தெரியுமா?

இந்துவாகப் பிறந்து முஸ்லிம் வீட்டில் வளரும் சிவாஜி, கிறிஸ்தவப் பெண் மேரியாக தேவிகா. 1961இல் மூன்று மதங்களையும் ஒரே கதைக்குள் உட்கார வைத்தவர் ஏ. பீம்சிங். அவருடைய கடைசிக் காலப் படங்களில் ஒன்று தெலுங்கு ‘கருணாமயுடு’. 1978 ஜனவரியில் அவர் மறைந்தார். படம் அந்த வருடம் டிசம்பரில் வெளிவந்தது. இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். இந்தியும் தமிழும் உட்படப் பல மொழிகள் பேசியது அந்தப் படம். ‘தயாசாகர்’ என்ற பெயரில் வடக்கே கிராமம் கிராமமாகத் திரை கட்டிக் காட்டினார்கள். இதைவிட ஆச்சரியம் இன்னொன்று. அதே விஜயசந்தர் 1986இல் சீரடி சாயிபாபாவாக நடித்தார். இளையராஜா இசை! நேற்று சிலுவையில் பார்த்த முகத்தை இன்று சீரடியின் துவாரகாமாயியில் பார்த்தும் ரசிகர்கள் முகம் சுளிக்கவில்லை. கருணை சுரக்கும் கண்கள், அமைதியான குரல், நோய் தீர்க்கும் கை. தெய்வ வேடத்தில் நம் ஜனங்கள் தேடுவது இதைத்தான்.

எம்.ஜி.ஆர். இயேசு வேடம் போட்டார் தெரியுமா?

முள்முடியும் அங்கியுமாக அவர் நின்ற படங்கள் வெளியாகி ரசிகர் வீடுகளில் பிரேம் போட்டு மாட்டப்பட்டன. ஆனால் சினிமா மட்டும் வெளிவரவே இல்லை! சிவாஜி சும்மா இருப்பாரா? 1972இல் ‘ஞானஒளி’யில் அந்தோணியாகவும், 1983இல் ‘வெள்ளை ரோஜா’வில் பாதிரியாராகவும் வந்து கலக்கினார். 1971இல் டான்ஸ் மாஸ்டர் தங்கப்பன் இயக்கிய ‘அன்னை வேளாங்கண்ணி’யில் ஜெமினி கணேசன், பத்மினி, தேவிகா, ஜெயலலிதா என்று நட்சத்திரக் கூட்டம். அதில் உதவி இயக்குநராக ஓடியாடி வேலை பார்த்த இளைஞர் யார்? கமல்ஹாசன்! பின்னாளில் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்ட அதே கமல்.

உலகத்திலேயே அதிக மொழி பேசும் படம் எது தெரியுமா?

‘டைட்டானிக்’ இல்லை, ‘அவதார்’ இல்லை. 1979இல் வந்த ‘ஜீசஸ்’! லூக்கா நற்செய்தியை வைத்து எடுத்த படம். பிரையன் டீகன் இயேசு. இஸ்ரேலில் படப்பிடிப்பு. இன்று 2,000க்கும் அதிகமான மொழிகளில் பேசுகிறது. தமிழும் அதில் உண்டு. 16 மி.மீ. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு காடுமேடெல்லாம் போய்க் காட்டினார்கள். டிக்கெட் கிடையாது, ஸ்டார் கிடையாது. தாய்மொழியில் கதை கேட்கிற சுகம் ஒன்றே கவர்ச்சி!

புரியாத மொழியிலும் வசூல் கொட்டிய கதை தெரியுமா?

2004இல் மெல் கிப்சன் ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ எடுத்தார். பேச்சு முழுக்க அராமிக், எபிரேயம், லத்தீன். யார் பார்ப்பார்கள் என்று ஹாலிவுட் கேட்டது. சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படம் உலகமெங்கும் 60 கோடி டாலருக்கும் மேல் அள்ளியது! இயேசுவின் கதை சொல்லும் ‘தி சோசன்’ தொடரோ இன்னும் வேடிக்கை. 16,000க்கும் அதிகமான சாதாரண ஜனங்கள் சேர்ந்து 1 கோடி டாலருக்கும் மேல் பணம் போட்டுத் தொடங்கி வைத்தார்கள். அங்கே பார்வையாளரே முதலாளி! ஆனால் அமெரிக்காவில் இத்தகைய படங்கள் பெரும்பாலும் சர்ச் கூட்டத்தை நம்பி எடுக்கப்படுகின்றன. நம் ஊரில் அந்தக் கணக்கு வேகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம்; கர்நாடகத்தில் 2 சதவீதம்கூட இல்லை. அவர்களை மட்டும் நம்பி ‘ஞானசௌந்தரி’ ஓடியிருக்க முடியுமா?

கிறிஸ்துமஸ் கொண்டாடும் இந்துக்கள் எவ்வளவு பேர் தெரியுமா?

பியூ ஆய்வு நிறுவனம் 2019-20இல் இந்தியா முழுக்க 17 மொழிகளில் 29,999 பேரிடம் கேட்டது. இந்துக்களில் 17 சதவீதம் பேர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். கிறிஸ்தவர்களில் 31 சதவீதம் பேர் தீபாவளி கொண்டாடுகிறார்கள். கிறிஸ்தவர்களில் பாதிக்கும் மேல், 54 சதவீதம் பேருக்குக் கர்மவினையில் நம்பிக்கை! ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. எல்லா மதத்தையும் மதிக்க வேண்டும் என்று சொல்பவர்களில் பலர், கல்யாணம் என்று வந்துவிட்டால் மதம் தாண்டக் கூடாது என்கிறார்கள். பண்டிகைப் பலகாரம் சுவர் தாண்டிப் போகும், சம்பந்தம் தாண்டாது. திரையில் மேரிக்காக அழுதவர் வீட்டு மருமகளாக மேரி வந்தால் என்ன சொல்வார் என்பது வேறு கதை!

தங்கவயல் மண்ணிலிருந்து திரைக்கு வந்த தெய்வம் யார் தெரியுமா?

2024 ஆகஸ்ட் 15இல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ படத்தைப் பாருங்கள். வட ஆற்காட்டு ஏழை ஜனங்கள் தங்கம் தேடிப் போகிற கதையின் நடுவே புத்தர் வந்து நிற்கிறார்! மாரிகுப்பத்து பௌத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அது அதிசயமில்லை. ஒடுக்கப்பட்டவர் மதத்தைப் பார்க்கும் பார்வையே தனி. எந்தச் சாமி என்னைத் தொட விடுகிறது, எந்தச் சாமி எனக்காக அடி வாங்கியது என்றுதான் முதலில் கேட்பார்கள். சாட்டையடி பட்டு, பாரம் சுமந்து, சொந்த ஜனங்களாலேயே கைவிடப்பட்ட ஒருவரின் கதை சுரங்கத் தொழிலாளிக்கு அந்நியமாகவா இருக்கும்?

சரி, இத்தனையும் சேர்த்துத் தீர்ப்பு என்ன? கிறிஸ்தவப் படம் ஓடினால் அது பிரசங்கத்தால் ஓடவில்லை. கை இழந்த பெண்ணுக்கு நியாயம் கிடைத்ததால் ஓடியது, தாய் அழுததால் ஓடியது, நல்லவன் அடி வாங்கியதால் ஓடியது. பிரசங்கம் மட்டும் செய்த படங்கள் சர்ச் வளாகத்தைத் தாண்டவில்லை. கதை சொன்ன படங்கள் மதத்தையே தாண்டின. இன்று பக்திப் படம் எடுக்க நினைக்கும் எந்த மதத்துக்காரரும் மனதில் எழுதி வைக்க வேண்டிய பாடம் இது.

தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள். ஆனால் ஊர் இருக்கிறது, பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் தங்கவயலில் வேலை பார்த்த தாத்தாவோ, லைன் வீட்டில் வளர்ந்த பாட்டியோ இருந்தால், சிறுவயதில் அவர்கள் பார்த்த முதல் சாமி படம் எது என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்!