வீடு – 26,992

மதுரை திருநகரில் இருக்கும் என் அக்கா கல்யாணமான நாளிலிருந்து கணக்கு நோட்டு எழுதுகிறாள். மாதத்துக்கு இரண்டு பக்கம். பால், மளிகை, கேஸ், கரன்ட், பெட்ரோல், ஸ்கூல் வேன். மொய்க்குத் தனிப் பக்கம். அவர்கள் வைத்தது இடது பக்கம், நாம் வைத்தது வலது பக்கம். எல்லா வரிகளும் மாதாமாதம் மாறும். ஐந்து வருடமாக மாறாத வரி ஒன்றுதான், அதுவும் முதல் வரி: வீடு – 26,992.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அவள் ஊஞ்சல் பலகையில் கடன் ஸ்டேட்மென்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஏண்டா, அஞ்சு வருஷத்துல பதினாறு லட்சத்துக்கு மேல கட்டியாச்சு. அசலப் பாரு. முப்பது லட்சம், இருபத்தாறு அறுபதுலயே நிக்குது. மீதி எங்க போச்சு?”

கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம். இந்தக் காலத்தில் அபூர்வமான நிலையான வட்டிக் கடன் அது. 2021-இல் ஊரெல்லாம் 7 சதவீதத்தில் மாறும் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தபோது மாமா மட்டும் 9-க்குக் கையெழுத்துப் போட்டார். பயந்த சுபாவம். அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு வருகிறேன். ஸ்டேட்மென்டில் தப்பு இல்லை. ஐந்து வருடத்தில் கட்டியது 16,19,520 ரூபாய். அதில் அசலுக்குப் போனது 3,38,805. பைசா பிசகவில்லை.

வட்டி குட்டி போடும் என்று நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் இது சட்டென்று விளங்கும். ஆயிரம் ரூபாயை ஓர் ஆடு என்று வையுங்கள். அக்கா வீட்டு வாசலில் 3,000 ஆடுகள் கட்டியிருக்கின்றன. வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்பது குட்டி, அதாவது மாதத்துக்கு முக்கால். ஆக முதல் மாதமே 22½ குட்டிகள். அக்கா மாதம் 27 உருப்படிகளை ஓட்டி அனுப்புகிறாள். மந்தை குறைவது நாலரைதான். ரூபாயில் சொன்னால், முதல் தவணையில் வட்டி 22,500, அசல் 4,492.

இரண்டாம் மாதம் ஒரு சின்ன விஷயம் நடக்கிறது. போன மாதம் போய்விட்ட நாலரை ஆடுகள் இனி குட்டி போடாது. அதனால் வட்டி 34 ரூபாய் குறைகிறது. தவணை மாறாது என்பதால் அந்த 34 ரூபாய் அப்படியே அசல் பக்கம் சேர்கிறது. மூன்றாம் மாதம் இன்னும் கொஞ்சம். இப்படியே அசலுக்குப் போகும் பங்கு மாதம் முக்கால் சதவீதம் வளர்கிறது. கவனித்தீர்களா, அதே முக்கால் சதவீதம். கடனை வளர்க்கும் அதே கூட்டு வட்டிதான், ஆள் தெரியாமல் கட்சி மாறி, கடனைக் கரைக்கும் வேலையையும் செய்கிறது. ஏழே முக்கால் வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பங்கு இரட்டிப்பாகும். ஆனால் தொடக்கம் சின்னது என்பதால் ரொம்ப நாளைக்குக் கண்ணில் படாது. தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கைத் தாண்டுவது 149-ஆவது மாதத்தில். கடன் சரிபாதியாவதற்கு 14 வருடம் பிடிக்கும். மீதிப் பாதி ஆறே வருடத்தில் ஓடிவிடும். கடைசித் தவணையில் வட்டி வெறும் 201 ரூபாய்.

இந்தக் கணக்கு ஒரு காலத்தில் தொழில் ரகசியம். கூட்டு வட்டி அட்டவணைகளைக் கையால் போட்டு வைத்திருந்த ஐரோப்பிய லேவாதேவிக்காரர்கள் அவற்றை வெளியார் கண்ணில் காட்டுவதில்லை. 1582-இல் ஆன்ட்வெர்ப் நகரில் சைமன் ஸ்டெவின் என்பவர் அந்த அட்டவணைகளை அச்சுப் போட்டுப் புத்தகமாக விற்றார். மூன்று வருடம் கழித்துத் தசம பின்னங்களைச் சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சிறு நூல் எழுதியவரும் அதே ஸ்டெவின்தான். இன்று அந்த ரகசியம் போனில் இருக்கிறது, தொகையைத் தட்டினால் தவணை வருகிறது. ஆனால் தவணைக்குள் நடக்கும் இந்த இடமாற்றத்தைப் பலரும் திறந்து பார்ப்பதில்லை. ஸ்டேட்மென்ட் மின்னஞ்சலில் வந்து, திறக்காமலே கிடக்கிறது.

திறந்து பார்த்தால் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஒரே விலை இல்லை என்பது தெரியும். அக்கா முதல் வருட முடிவில் ஒரு லட்சத்தைக் கூடுதலாகக் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டிருந்தால், கடன் 19 மாதம் முன்னதாக முடிந்திருக்கும். ஒரு லட்சம் கொடுத்து ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தவணைகளைத் தவிர்க்கலாம். அதே லட்சத்தை 15-ஆம் வருட முடிவில் கட்டினால் மிச்சமாவது ஆறு மாதத்துக்கும் குறைவு. நூறு ஆடுகளை முதல் வருடமே ஓட்டிவிட்டால் அவற்றின் குட்டிகளும், குட்டிகளின் குட்டிகளும் பிறக்காமலே போகும். பதினைந்தாம் வருடத்தில் ஓட்டினால் பிறக்கவிருந்ததே கொஞ்சம்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். கூடுதல் பணம் கட்டப் போகும்போது கவுன்டரில், “தவணையைக் குறைக்கணுமா, காலத்தைக் குறைக்கணுமா?” என்று கேட்பார்கள். சில இடங்களில் கேட்காமலே ஒன்றைப் போட்டுவிடுவார்கள். முதல் வருடத்து அந்த ஒரு லட்சத்துக்குத் தவணையைக் குறைத்தால் மாதம் 917 ரூபாய், ஏறக்குறைய ஒரு கேஸ் சிலிண்டர், மிச்சம். 19 வருடத்துக்குக் கூட்டினால் இரண்டு லட்சத்துச் சொச்சம். காலத்தைக் குறைத்தால் ஐந்து லட்சத்துச் சொச்சம். பார்வைக்குக் காலம்தான் ஜெயிக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாய்க்குத் திண்டாடும் வீட்டுக்கு அந்த 917 பெரிய தொகை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மாமாவின் பயந்த சுபாவத்துக்கு வருகிறேன். 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியை, 4-இலிருந்து 4.4 சதவீதமாக உயர்த்தியது. வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபரிலிருந்து இப்படி வெளியிலுள்ள ஓர் அளவுகோலோடு கட்டப்பட்டவை, பெரும்பாலும் ரெப்போவோடு. 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5-இல் போய் நின்றது. இரண்டரை சதவீத ஏற்றம். தவணையை ஏற்றினால் வாடிக்கையாளர் அலறுவார் என்று பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டின. 7 சதவீதத்துக்கு வாங்கிய 30 லட்சம் கடனுக்கு 20 வருடத் தவணை 23,259 ரூபாய். இந்தத் தவணையை அப்படியே வைத்து வட்டியை மட்டும் ஏற்றிப் பாருங்கள். 8 சதவீதமானால் கடன் முடிய 24 வருடம் 8 மாதம். சரி, தாங்கலாம். 9 சதவீதமானால்? 29 வருடம் என்று மனம் சொல்லும். கணக்கு 38 வருடம் என்கிறது. 9½ ஆனால் கடன் முடியவே முடியாது. ஏனென்றால் 30 லட்சத்துக்கு அந்த விகிதத்தில் மாத வட்டியே 23,750. கட்டுவதோ 23,259. குட்டிகளைக்கூட முழுசாக ஓட்ட முடியவில்லை. மாதம் தவறாமல் கட்டக் கட்ட மந்தை பெருகுகிறது.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை. காலத்தை நீட்டுவது அசல் ஏறும் நிலையில் கொண்டுபோய் விடக்கூடாது, தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், நிலையான வட்டிக்கு மாறும் வழியும் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட வேண்டியிருந்தது. 2025-இல் ரெப்போ மறுபடி இறங்கத் தொடங்கியது. மாமா வாயைத் திறக்கவில்லை, காபியை மட்டும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அப்ப முப்பது லட்சத்துக்கு அறுபத்தஞ்சு லட்சம் அழுறோம்” என்றாள் அக்கா. 26,992-ஐ 240-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அதுதான் வரும். இந்தத் தொகையைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. 2021-ஆம் வருட ரூபாயையும் 2040-ஆம் வருட ரூபாயையும் ஒன்றாகக் கூட்டுவது, படியையும் லிட்டரையும் கூட்டுவது மாதிரி. விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், கடைசித் தவணையின் 26,992 ரூபாய்க்கு வாங்கும் சக்தி, கடன் வாங்கிய வருடத்தின் பத்தாயிரத்துச் சொச்சம்தான். அக்காவின் நோட்டே சாட்சி: மேலே வீடு வரி அசையாமல் நிற்க, கீழே பாலும் மளிகையும் அதை எட்டிப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. சம்பளமும் கொஞ்சம் ஓடுகிறது. வீட்டுக் கடனின் பாரம் முழுக்க முதல் ஏழெட்டு வருடத்தில்தான். அதே நியாயப்படி, நான் மேலே சொன்ன ‘ஐந்து லட்சம் மிச்ச’மும் 2040 ரூபாய்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்கூட்டிக் கட்டும் பணம் உண்மையில் தருவது 9 சதவீத வருமானம், அவ்வளவுதான். ஆனால் ஆபத்தே இல்லாமல் 9 சதவீதம் இன்று எந்த ஃபிக்ஸட் டெபாசிட்டில் சுலபமாகக் கிடைக்கிறது?

இதைச் சொன்னதும் அக்கா எழுந்து அடுக்களைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பாஸ்புக். சிறுவாடு. மாமாவுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த கணக்கு. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம், சேமிப்புக் கணக்கில், 3 சதவீதம்கூட எட்டாத வட்டியில் படுத்திருந்தது. ஒரு கையில் 9-க்குக் கடன், மறு கையில் 3-க்குள் சேமிப்பு. பொருளாதார நிபுணர்கள் இதை நெடுநாள் மடமை என்றுதான் நினைத்தார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் தேலர் அதை உற்றுப் பார்த்தார். பணத்துக்குப் பெயர் இல்லை, ஆனால் மனிதர்கள் பெயர் எழுதிய பெட்டிகளில்தான் அதைப் போட்டு வைக்கிறார்கள் என்றார். ‘மனக் கணக்கு’ என்ற அந்தக் கருத்தும் 2017-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு ஒரு காரணம். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் நோட்டை மடித்து வைத்த நம் பாட்டிமார்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெட்டிகள் மடமையும் இல்லை. சாதாரண வீட்டுக் கடனுக்குள் போட்ட பணம் திரும்பி வராது. ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் என்றால் தேவைப்படும்போது எடுக்கலாம், அக்காவுடையது அப்படியில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கேட்டால், “என் கடன் 26 மாதம் முன்னாடியே முடியுது” என்று சொல்லிச் சேர்க்க முடியாது. இதை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். அதனால் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைத் தொடவில்லை. இரண்டு லட்சத்துக்கு மட்டும் செக் எழுதினாள். 26 மாதம் என்பது அந்த இரண்டு லட்சம் குறைத்த காலம்.

மாமா கையெழுத்துப் போடும்போது, “சிறுவாடு மூணத் தாண்டிருச்சுன்னு தெரியும், மூணு பன்னண்டுன்னு தெரியாது” என்றார்.

சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்போது அவள் அடுத்த மாதப் பக்கத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முதல் வரியில் ‘வீடு – 26,992’ இல்லை. இரண்டு வரிகள் இருந்தன.

வட்டி – 18,459
வீடு – 8,533